யார் விட்ட புகை

அந்தப் பேருந்து நிலையத்தில் முகம் தெரியாமலே எல்லோருக்கும் தெரிந்தவள் அவள். ஒலிபெருக்கியில் அவள் குரல் கேட்டால், காப்பி குடித்துக்கொண்டிருப்பவர்கூட டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவார். சொல்வது என்னவோ ஊர்ப் பெயரும் நேரமும்தான். ஆனால் வீட்டுக்கு வந்த விருந்தாளியை வழியனுப்புகிற மாதிரிச் சொல்வாள். யாராவது வண்டி மாறி ஏறி உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டுவிட்டால் போதும். "மூன்றாம் நடைமேடையில் பச்சைப் பையோடு உட்கார்ந்திருக்கும் பெரியவரே, நீங்கள் கேட்ட வண்டி அதுவல்ல" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லி இறக்கிவிடுவாள். ஜனம் சிரிக்கும். பெரியவரும் சிரித்துக்கொண்டே கூண்டைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போவார்.

கூண்டு என்றுதான் அந்த அறையை எல்லோரும் சொன்னார்கள். நடைமேடைகளுக்கு நடுவே, மூன்று பக்கமும் கண்ணாடி, முன்பக்கம் பேசுவதற்கு அரைவட்ட ஓட்டை. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மேசை, தலைக்கு மேல் கடகடக்கும் மின்விசிறி. அது வெளியே இருக்கிற புகையை உள்ளே இழுத்துச் சுற்றிவிடுமே தவிர வேறொன்றும் செய்யாது. மைக்கின் மேல் போட்டிருக்கும் பஞ்சு உறையை அவள் வாராவாரம் வீட்டுக்குக் கொண்டுவந்து துவைப்பாள். தண்ணீர் கரியைக் கரைத்த மாதிரி ஓடும். "மூக்கு சிந்தின கைக்குட்டையை வெச்சே கண்ணுக்கு மை எழுதிக்கலாம், ஒரு செலவு மிச்சம்" என்று சிரிப்பாள்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். பெரிய பெரிய கட்டடங்களில் நின்றுபோன லிஃப்ட்டை ஓட வைப்பவன் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில். அதைச் சொல்லிக் காட்டாமல் அவள் ஒரு நாளும் படி ஏறியதில்லை. "ஊரையெல்லாம் மேல தூக்கி விடுறாரு, கட்டினவ மட்டும் நடந்து வரணும்" என்பாள். அவர்களுக்கு ஒரே மகள். மருந்துக்கடையில் வேலை.

கூண்டு வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவர் அவளுடைய அண்ணன். அதே நிலையத்தில் பஸ் ஓட்டுகிறவர். அவர்கள் அம்மா போனபோது அவளுக்குப் பால்பல் விழுகிற வயது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வண்டி கழுவப் போய், கிளீனராகி, டிரைவராகி, தங்கையை வளர்த்து ஆளாக்கினார். தனக்கென்று ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "பொண்ணு பாக்கப் போற நாளெல்லாம் எனக்கு டியூட்டி போட்டுட்டாங்க" என்று முடித்துவிடுவார். தங்கைக்கு நரை விழுந்த பிறகும் அவருக்கு அவள் பாப்பாதான்.

கூண்டுக்கு நேர் எதிரே இருப்பது முதல் நடைமேடை. அங்கிருந்து கிளம்பும் தடத்தையே கேட்டு வாங்கி வைத்திருந்தார் அண்ணன். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, இஞ்சின் உறுமிக்கொண்டிருக்க, கீழே குதித்து வந்து அரைவட்ட ஓட்டையில் குனிவார். "பாப்பா, சாப்பிட்டியா?" கேட்டுவிட்டு, வாங்கி வந்ததை உள்ளே நீட்டுவார்.

"அண்ணா, வண்டிய அணைச்சுட்டு வந்து பேசேன். மூச்சு முட்டுது."

"அணைச்சா திரும்ப அத உசுப்ப ஊரே வந்து தள்ளணும் பாப்பா. அது என்னை மாதிரி, ஓடிக்கிட்டே இருந்தாத்தான் உண்டு."

இப்படியே வருடங்கள் போயின.

இருமல் எப்போது தொடங்கியது என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. குளிர்காலம் வந்தால் நகரத்தின் மேல் புகை மூடிக் கிடப்பதும், எல்லோரும் இருமுவதும் வழக்கம்தான். மற்றவர்கள் இருமல் வெயில் வந்ததும் போய்விட்டது. அவளுடையது போகவில்லை. பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது என்று வெந்நீர் குடித்தாள். மகள் கடையிலிருந்து மருந்து கொண்டுவந்தாள். ஒரு நாள் அறிவிப்பின் நடுவிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. மைக்கை அணைப்பதற்குள் நிலையம் முழுக்க அந்த இருமல் ஒலித்தது. சிரிக்கிற விஷயம் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள்.

அவள் கணவனுக்கு உறைத்தது படிக்கட்டில்தான். முதல் மாடியில் நின்றாள். இரண்டாம் மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மூன்றாம் மாடிக்கு வந்து கதவைத் திறந்து உட்கார்ந்தபோது, லிஃப்ட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பரிசோதனைகள் எல்லாம் முடிந்து, பெரிய டாக்டர் அறைக்குள் மூன்று பேரும் போனார்கள். அவள், அவன், அண்ணன். டாக்டர் ஒரு வயதான பெண்மணி. படத்தை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சிகரெட் பிடிக்கற பழக்கம் உண்டாம்மா?"

"மைக் பிடிக்கற பழக்கம்தான் டாக்டர்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்திலேயே போயும் விட்டது. "வீட்ல யாராவது?"

அவள் கணவன்தான் சொன்னான். "நான் பிடிச்சிருக்கேன் டாக்டர். கல்யாணமான புதுசுல. மக பொறக்கறதுக்கு முன்னாடியே விட்டுட்டேன். அப்புறம் தொட்டதில்ல."

டாக்டர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். ஆனால் அண்ணன் திரும்பி அவனைப் பார்த்தார். பல வருடப் பழக்கத்தில், சண்டையில், சந்தோஷத்தில், எதிலும் மச்சான் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

நுரையீரலில் புற்றுநோய். நாள் கடந்துவிட்டது. மருந்து கொடுக்கலாம், வலியைக் குறைக்கலாம் என்றார் டாக்டர். குணப்படுத்தலாம் என்ற வார்த்தையை அவர் கடைசிவரை சொல்லவே இல்லை.

வெளியே தாழ்வாரத்தில் அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அண்ணன் அவனைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"பூ மாதிரி வளர்த்துக் குடுத்தேனே. ஊதி ஊதியே என் பாப்பாவ இப்படிப் பண்ணிட்டீங்களே."

"மச்சான், அது எப்பவோ..."

"மச்சான்னு கூப்பிடாதீங்க."

அவனோடு பேச்சை அன்றைக்கு விட்டதுதான். வீட்டுக்கு வருவார், தங்கை பக்கத்தில் உட்காருவார், காலைப் பிடித்துவிடுவார், ஆரஞ்சு உரித்துக் கொடுப்பார். அவனிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். ஏதாவது கேட்க வேண்டுமென்றால், அவன் எதிரில் நிற்கும்போதே மகளிடம், "உங்கப்பாவ மாத்திரை எங்கன்னு கேளு" என்பார்.

கல்யாணமான புதிதில் குடியிருந்த வாடகை அறை அடிக்கடி அவன் கண்முன் வந்தது. ஒரே ஜன்னல். அதன் கீழே பாய். வேலை முடிந்து வந்து பாயில் சாய்ந்து அவன் பற்ற வைப்பான். பக்கத்தில் உட்கார்ந்து அவள் அன்றைய கதையெல்லாம் சொல்லுவாள். புகை அவள் முகத்துக்குப் போனால் கையால் விசிறிவிட்டுக்கொண்டு மேலே பேசுவாள். எவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள். இப்போது அதை நினைத்தாலே நெஞ்சில் கத்தியை வைத்துத் திருகுவது போலிருந்தது. லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருக்கும்போது, இருட்டில், கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றுவிடுவான். மேலேயிருந்து கூட வேலை செய்பவர்கள் கூப்பிட்டால்தான் சுயநினைவு வரும்.

ஒரு நாள் தாங்காமல், வேலைச் சட்டையோடு நேரே டாக்டரிடம் போனான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் டாக்டர். என்னாலதானா?"

டாக்டர் அவனை உட்காரச் சொன்னார். எத்தனை நாள் பிடித்தான் என்று கேட்டார்; இரண்டு வருடம் என்றான். பிறகு அவள் என்ன வேலை செய்கிறாள், எங்கே உட்காருகிறாள், எதிரே என்ன நிற்கும், ஜன்னல் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கூண்டைப் பற்றி அவன் சொல்லச் சொல்ல, அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"கண்ணுக்குத் தெரியற தூசு இருக்கே, அது பெரும்பாலும் மூக்குலயும் தொண்டையிலயும் நின்னு சளியோட வந்துடும். நம்மால பாக்க முடியாத பொடித்தூசு ஒண்ணு இருக்கு. முடியோட தடிமன்ல முப்பதுல ஒரு பங்குகூட இருக்காது. அது நேரா நுரையீரலோட அடி ஆழம் வரைக்கும் போகும். சிலது ரத்தத்துலயே கலந்துடும். டீசல் புகையில அது நிறைய. அந்தப் புகையில வருஷக்கணக்கா இருந்தா, நீங்க கேக்கற இதே நோய் வரலாம். மாரடைப்பும் வரலாம். சிகரெட்டையே தொடாதவங்க எத்தனையோ பேர் இப்ப என்கிட்ட வர்றாங்க."

"அப்ப என்னோட..."

"இதுதான் காரணம்னு என்னால விரல் வெச்சுக் காட்ட முடியாதுப்பா. யாராலயும் முடியாது. ஆனா உங்க ரெண்டு வருஷத்தையும் அந்தக் கூண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா, நான் கூண்டைத்தான் முதல்ல பாப்பேன்."

அவன் வெளியே வந்தபோது கால் தரையில் பாவவில்லை. பெண்டாட்டி பிழைக்கமாட்டாள் என்று தெரிந்திருந்தும், மனதுக்குள் ஏதோ ஒன்று குதித்தது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. இருந்தாலும் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி வீட்டுக்கு ஓடினான்.

அவள் கட்டிலில் தலையணை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். ஜன்னல் இடுக்கையெல்லாம் மகள் ஈரத்துணி வைத்து அடைத்திருந்தாள். டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னான். அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தான். அவள் அவன் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு அது எப்பவோ தெரியுங்க. நான் ஒரு நாளாவது உங்களச் சொன்னேனா?"

"உனக்குத் தெரிஞ்சா போதுமா? உங்கண்ணன் வரட்டும். நாக்கப் புடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேக்கறேனா இல்லையா பாரு."

"சொல்லாதீங்க."

"என்னது?"

"அண்ணன்கிட்ட இதச் சொல்லாதீங்க."

அவனுக்குப் புரியவில்லை. அவள் மூச்சை வாங்கி வாங்கி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே இளைப்பாறி இளைப்பாறிச் சொன்னாள்.

"அந்தக் கூண்டுல என்னைக் கொண்டுபோய் உக்கார வெச்சது யாரு? அதுக்கு எதிர்ல வண்டிய நிறுத்திக்கிட்டு, இஞ்சின ஓடவிட்டுட்டு, தினம் தினம் வந்து என்னைப் பாத்தது யாரு? நீங்க சொன்ன மறுநிமிஷம் அது கணக்குப் போட்டுடும். அண்ணன் தாங்காதுங்க."

"நான் மட்டும் தாங்கணுமா? நான் என்ன கல்லா?"

"உங்களுக்குத்தான் நான் இருக்கேனே, உங்க மேல தப்பு இல்லன்னு சொல்ல. அதுக்கு யாரு இருக்கா?"

அவனுக்கு ஆத்திரம் பொங்கியது. இவ்வளவு நாள் மென்று விழுங்கியதெல்லாம் ஒன்றாகத் தொண்டைக்கு வந்தது. "சாகப் போற நேரத்துலகூட உனக்கு உங்கண்ணன்தான் பெருசு" என்று சொல்லிவிட்டான். சொன்ன வார்த்தை காதில் விழுந்ததும் அவனே நடுங்கிப்போனான். நோய் வந்த நாளிலிருந்து 'சாவு' என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவள் கோபப்படவில்லை. கொஞ்சம் சிரித்தாள். "அப்பாடா, இப்பவாவது வாய் தொறந்து சொன்னீங்களே. மத்தவங்க எல்லாம் எனக்கு என்னமோ ஜலதோஷம்கிற மாதிரியே பேசறாங்க" என்றாள். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கும்வரை அவன் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை.

அடுத்த அறையிலிருந்து மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது.

புகை அதிகமாகி, எதிர்க் கட்டடமே தெரியாமல் போன ஒரு வாரத்தில் அவளுக்கு மூச்சு மிகவும் மோசமானது. மருத்துவமனையில் சேர்த்தார்கள். வார்டு நிறைந்து, தாழ்வாரத்திலும் கட்டில் போட்டிருந்தார்கள். குழந்தைகள், கிழவர்கள், மார்பைப் பிடித்துக்கொண்ட ஒரு நடுவயதுக்காரர், எல்லோருக்கும் அந்த வாரத்துக் காற்றே ஆகவில்லை. அவளுக்கு ஜன்னலை ஒட்டிய படுக்கை.

அண்ணன் காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து நின்றார். தங்கையின் உதடு நீலம் பாய்ந்திருப்பதைப் பார்த்தார். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று தாங்கிக்கொண்டிருந்தவனைப் பார்த்தார். பக்கத்துப் படுக்கைக்காரர்கள், நர்சுகள் எல்லோரும் இருக்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் வெடித்தார்.

"இன்னும் எதுக்கு அவளத் தொட்டுக்கிட்டு நிக்கறீங்க? நீங்க பிடிச்ச சிகரெட்டுக்கு இவ சாகறா. நல்லா இருங்க!"

"மாமா, போதும் நிறுத்துங்க!" என்று மகள் எழுந்தாள். முகம் சிவந்திருந்தது. "அப்பா மேல ஒரு தப்பும் கிடையாது. டாக்டரே சொல்லிட்டாங்க. அம்மாவுக்கு எதனால வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? நீங்கதான் தினமும்..."

அவன் பாய்ந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தான். அவள் 'அம்மா' என்று அலறும் அளவுக்குப் பிடித்துவிட்டான் போலிருக்கிறது. அவள் வாய் நின்றது.

"குழந்தை ஏதோ பாசத்துல பேசுது மச்சான்," என்றான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "டாக்டர் அப்படிச் சொல்லல. என் புகைதான். நான் பிடிச்சதுதான் அவளுக்குள்ள போயிருக்கு. என்னாலதான்."

அண்ணன் கையை ஓங்கினார். அவன் நகரவில்லை. அடி விழட்டும் என்றுதான் நின்றான். ஓங்கிய கை அப்படியே தொங்கிப்போய், அவர் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய மனிதர் குழந்தை மாதிரி அழுதார்.

அவள் பேசும் நிலையில் இல்லை. ஒரு கை அண்ணனின் தலைமேல் இருந்தது. கண் மட்டும் கணவன் முகத்தை விட்டு நகரவில்லை. அந்தக் கண்ணில் இருந்தது நன்றியா, மன்னிப்புக் கேட்டாளா, அவனுக்குத் தெரியவில்லை. பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தும் தெரியவில்லை.

அவள் அதன் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. ஒரு மத்தியானம், மகள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது, அவன் அவள் தலையை வாரிக்கொண்டிருந்தபோது, போய்விட்டாள். சீப்பில் முடி சிக்கியிருந்தது. வலிக்கப் போகிறதே என்று மெதுவாக எடுத்தான். எடுத்து முடித்த பிறகுதான் அவள் மூச்சு நின்றிருப்பதைக் கவனித்தான்.

எல்லாம் முடிந்தது. மகள் அவனிடம் வெகுநாள் சரியாகப் பேசவில்லை. "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து பொய் சொல்லி, அந்த ஆளக் காப்பாத்தினீங்க. உங்கள யாரு காப்பாத்தறது?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். சொந்தக்காரர்கள் வட்டாரத்தில் அவன் பெண்டாட்டியைப் புகையால் கொன்றவன் ஆகிவிட்டான். கடைத்தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் துக்கம் விசாரித்துவிட்டு, "நீங்க ரொம்பப் பிடிப்பீங்களாமே" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஆமாம் என்று தலையாட்டினான். ஆட்டி ஆட்டி, சில நாட்களில் அவனுக்கே அது உண்மை போலத் தோன்றத் தொடங்கியது. டாக்டர் சொன்னதைத் திரும்பச் சொல்லி அவனை அதிலிருந்து மீட்க, அந்தக் கட்டிலில் இப்போது யாரும் இல்லை.

மழைக்காலம் வந்து காற்றைக் கழுவிவிட்டுப் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. மச்சான் நின்றுகொண்டிருந்தார். இளைத்துப்போயிருந்தார். மூன்று மாடி ஏறியதில் அவருக்கும் மூச்சு வாங்கியது.

உள்ளே வந்து, அவள் படுத்திருந்த கட்டிலைப் பார்க்காமல், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தான். குடிக்காமல் டம்ளரையே உருட்டிக்கொண்டிருந்தார்.

"கூண்டுல புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கு," என்றார். "சின்னப் பொண்ணு. நேத்து அது இருமினதக் கேட்டேன்."

அவன் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"கேட்டதும் போய் வண்டிய அணைச்சுட்டேன். எனக்கே ஏன்னு தெரியல. கை தானாப் போயிடுச்சு. அணைச்சுட்டு அப்படியே ஸ்டீயரிங்கப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பின்னால நின்ன வண்டிக்காரன் ஹாரன் அடிச்சுத் திட்டறான்." தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "மாப்பிள்ளை, அன்னிக்கு உங்க பொண்ணு என்னமோ சொல்ல வந்துச்சு. நீங்க கையப் பிடிச்சுட்டீங்க. உண்மையச் சொல்லுங்க. என் வண்டிப் புகையா?"

சமையலறை வாசலில் மகள் வந்து நின்றது அவனுக்குத் தெரிந்தது. ஒரே வார்த்தை. சொன்னால் இந்த மனிதர் முகத்தில் இனி சந்தேகம் இருக்காது. அவன் தலையில் இருக்கும் பாரமும் இறங்கிவிடும். இறங்கியது அப்படியே எதிரே இருப்பவர் தலையில் ஏறும். தன் ஒற்றை அறைக்குப் போய், தனியாகப் பாயை விரித்து, அதோடு படுப்பார்.

"இல்ல மச்சான்," என்றான். "என் சிகரெட்டுதான்."

"அத்தன வருஷம் கழிச்சும் பண்ணுமா அது?"

"பண்ணும்னாங்க டாக்டர்."

அவர் நிமிர்ந்து அவன் முகத்தையே பார்த்தார். நம்பினாரா, நம்ப வேண்டும் என்று வந்தாரா, யாருக்குத் தெரியும்? தலையை மெல்ல ஆட்டினார். தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"நான் உங்கள மன்னிக்க மாட்டேன் மாப்பிள்ளை."

"வேணாம் மச்சான்."

"ஆனா ஞாயித்துக்கிழமையானா எங்க போறதுன்னு தெரியல. இங்க வந்தா ஒரு வாய் சோறு போடுவீங்களா?"

அவன் எழுந்து உள்ளே போனான். மகள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதுகொண்டிருந்தாள். அவளைத் தாண்டிப் போய்த் தட்டை எடுத்துக் கழுவினான். கழுவின தட்டையே மறுபடி கழுவினான். பிறகு துடைத்து, சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தான்.